ஏசி வேலைக்கு இன்சூரன்ஸ்: கடைக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று, அடுத்தவர் காருக்கு ஒன்று

நாகர்கோவிலில் ஏசி சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வடசேரி வீடுகளில் தொடங்கி கன்னியாகுமரி லாட்ஜுகள் வரைக்கும் வேலை. புதிதாகத் தனியாகத் தொழில் தொடங்கும் பையன்கள் "அண்ணாச்சி, எந்த இன்சூரன்ஸ் எடுக்கலாம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் எடுத்திருக்கும் மூன்று பாலிசிகளும் எப்படி வேலை செய்தன என்று இங்கே எழுதிவிடுகிறேன். மூன்றும் ஒரே நிறுவனம். குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம்.

ஏஜென்ட் முதலில் நீட்டுவது கடை பாலிசியைத்தான். ஐந்து கோடிக்குள் மதிப்புள்ள சிறு தொழில்களுக்கென்று 2021 ஏப்ரலில் வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. தீ, புயல், வெள்ளம் எல்லாம் இதில் அடக்கம். 2017-ல் ஒக்கி புயல் அடித்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டாக் மதிப்பைக் கொஞ்சம் குறைத்துப் போட்டிருந்தாலும் 15% வரை கண்டுகொள்ள மாட்டார்கள் என்பது நல்ல அம்சம். ஆனால் பூட்டை உடைத்துத் திருடுவதற்குத் தனி பாலிசி வேண்டும். வேலைக்குக் கொண்டுபோகும் வேக்யூம் பம்ப், கேஜ் செட், காப்பர் குழாயைத் தீயால் பற்றவைக்கும் பிரேஸிங் செட் வண்டியிலிருந்து காணாமல் போனால் அதுவும் இதில் வராது. சரி, நம் தொழிலில் ஆபத்து கடைக்குள்ளா இருக்கிறது? மூன்றாவது மாடி சன்ஷேடில் அல்லவா இருக்கிறது!

அதனால்தான் ஆள் பாலிசி முதலில் என்கிறேன். டபிள்யூசி (ஒர்க்மென்ஸ் காம்பென்சேஷன், தொழிலாளர் இழப்பீடு) என்று சொல்வார்கள். பத்துப் பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்கள் இஎஸ்ஐ என்கிற அரசு தொழிலாளர் காப்பீட்டுக்குள் வருவதில்லை. வேலையில் ஒருவருக்கு ஏதாவது ஆனால் பொறுப்பு நேராக நம் தலையில்தான். என் பாலிசி 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1923-ம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தை வைத்து எழுதியது. அதன் கணக்கில் மாதச் சம்பளம் 15,000 ரூபாய் வரைதான் எடுத்துக்கொண்டார்கள். முப்பது வயது ஆள் இறந்துபோனால் அதில் பாதி 7,500-ஐ, அந்த வயதுக்குச் சட்டத்தில் போட்டிருந்த 207.98 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். 15,59,850 ரூபாய். இந்தத் தொகையைக் கையிலிருந்து எடுத்துக் கொடுக்கக்கூடிய ஏசி கடைக்காரர் யாரையும் எனக்குத் தெரியாது. அந்தச் சட்டத்தில் ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12% வட்டி, அதற்கு மேல் அபராதமும் இருந்தது. அபராதத்தை எந்த நிறுவனமும் ஏற்காது.

பாலிசி உண்மையில் எப்படி என்று தெரிந்தது கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜ் வேலையில். பழைய அவுட்டோர் யூனிட்டைக் கழற்றினோம். கடலோரத்தில் ஸ்டாண்டு எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து மெக்கானிக்குகளுக்குத் தெரியும். மேலே புதுசாக பெயின்ட். உள்ளே ஆங்கிளை உப்புக்காற்று அப்பளமாக்கி வைத்திருந்தது. ஒரு பக்கத்து நட்டைத் தளர்த்தினதும் மறுபக்கம் அப்படியே மடங்கிப்போய், யூனிட் கீழே நின்ற ஒரு விருந்தினரின் கார் பானெட்டில் விழுந்தது. பெல்ட் போட்டிருந்ததால் என் கடைப் பையன் தொங்கினான். உயிருக்கு ஒன்றுமில்லை, சுவரில் மோதி மணிக்கட்டு உடைந்தது.

டபிள்யூசியில் குறை சொல்ல முடியாது. பையன் வேலைக்கு வரமுடியாத நாட்களுக்குப் பதினைந்து நாளைக்கு 3,750 வீதம் வந்தது. பாதிச் சம்பளம்தான், மீதியை நான் போட்டேன். ஆஸ்பத்திரி பில்லும் கிடைத்தது. அது கிடைத்ததற்குக் காரணம், மருத்துவச் செலவைக் கூடுதல் பிரீமியம் கட்டித் தனியாகச் சேர்த்திருந்தேன். சேர்க்காவிட்டால் அந்தப் பில் முழுக்க முதலாளி தலையில். ஏஜென்டுகள் இதை வாய் திறந்து சொல்வதில்லை, எனக்கு அதில் கோபமே உண்டு. ஆளைப் பதிவு செய்யும்போது "கடை ஊழியர்" என்று போடவும் விடாதீர்கள். "ஏசி மெக்கானிக், உயரத்தில் வேலை" என்று எழுதச் சொல்லுங்கள்.

காருக்குப் பணம் வந்தது மூன்றாவது பாலிசியில், பப்ளிக் லயபிலிட்டி. நம் வேலையால் அடுத்தவர் உடலுக்கோ பொருளுக்கோ சேதம் வந்தால் இது. இங்கேதான் மனசு நொந்துபோனேன். சேதத்தை மதிப்பிட வேண்டிய இன்சூரன்ஸ் சர்வேயர் வர இழுத்தடித்தார். காரின் சொந்தக்காரர் மதுரைக்குப் போக வேண்டியவர், குடும்பத்தோடு ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தார். பலமுறை போனில் பேசிய பிறகுதான் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும் என்று ஒத்துக்கொண்டார்கள். பானெட், கண்ணாடி இரண்டுக்கும், நம் பங்காகக் கட்ட வேண்டிய தொகை போக, கொடுத்தார்கள். ஆனால் விழுந்து நொறுங்கிய அவுட்டோர் யூனிட்டுக்குப் பைசா இல்லை. "அது உங்க கையில இருந்த பொருள் சார், நாங்க தரமுடியாது" என்றார் ஆபீசர். பாலிசியை எடுத்துப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது: நம் பொறுப்பில், நம் கட்டுப்பாட்டில் இருக்கும் பொருள் சேராது. ஏசிக்காரன் கையில் எப்போதும் இருப்பது அடுத்தவருடைய ஏசிதானே! லாட்ஜுக்கு நான்தான் வேறு யூனிட் வாங்கிக் கொடுத்தேன்.

இன்னொன்றையும் பார்த்து வாங்குங்கள். சில லயபிலிட்டி பாலிசிகளில் கடை விலாசம் மட்டும் போட்டிருக்கும். வாடிக்கையாளர் இடத்தில் நடப்பதும் சேரும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். பிரேஸிங் செய்வதையும் சொல்லிவிடுங்கள். இப்போது வரும் ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும் கேஸ், ஆர்-290 என்றால் சுத்தமான புரொப்பேன். தீப்பிடிக்காத பழைய ஆர்-22 கேஸ் காலத்து நினைப்பில் பாலிசி எடுத்தால் தீ விபத்தன்று வாதாட வேண்டிவரும்.

புதுப்பிக்கும்போது கடை பாலிசியையும் டபிள்யூசியையும் அதே நிறுவனத்திலேயே விட்டுவிட்டேன். லயபிலிட்டியை மட்டும் வேறு இடத்துக்கு மாற்றினேன். கையிலிருக்கும் வாடிக்கையாளர் பொருளுக்கும் ஒரு வரம்பு வரை தருவதாக எழுத்தில் வாங்கியிருக்கிறேன், பிரீமியம் கூடுதல்தான். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி எடுத்துவிட்டார்களே என்று ஏஜென்டிடம் சண்டை போடாதீர்கள். அது தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு மட்டும். நமக்கு 18% அப்படியே இருக்கிறது.