லேமினேட்டட் கண்ணாடி: பில்லில் தடிமன் எழுதாமல் பணம் கொடுக்காதீர்கள்

பால்கனித் தடுப்புக்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். கடை பெயர் வேண்டாம். கண்ணாடி விற்று, மாட்டியும் தரும் ஷோரூம்.

பேசியது லேமினேட்டட், அதாவது இரண்டு கண்ணாடியை நடுவில் படலம் வைத்து ஒட்டியது: 6 மி.மீ. டஃபன்டு (உலையில் காய்ச்சி உறுதியாக்கிய கண்ணாடி) இரண்டு, நடுவில் 1.52 மி.மீ. பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம். மொத்தம் 13.52. கடைக்காரர் சாம்பிள் ஒன்றைத் தரையில் வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்துக் காட்டினார். விரிசல் விட்டது, ஒரு சில்லுகூட உதிரவில்லை. அதை நம்பி அங்கேயே முழுப் பணத்தையும் கொடுத்தேன். அந்த அடி எதையும் நிரூபிக்காது! 0.38 மி.மீ. படலம் போட்ட சாதாரணக் கண்ணாடியும் அப்படியேதான் ஒட்டிக்கொண்டு நிற்கும். சில்லு உதிராதது வேறு, ஆள் சாய்ந்தால் தாங்குவது வேறு.

மூன்றாம் மாதம் கீழ் ஓரம் பால் போல வெளுத்து, விரல் அகலத்துக்குக் குமிழ் கிளம்பியது. "ஈரம் சார், வெயில் அடிச்சா போயிடும்" என்றார்கள். போகாது. மாட்டிய அன்று அடித்த வாடை வினிகர் வாடை, அதாவது ஓரத்தில் பூசிய பசை அசிட்டிக் சிலிகான். அது பிவிபி ஓரத்தைக் கெடுக்கும்; நியூட்ரல் சிலிகான்தான் போட வேண்டும். கண்ணாடியின் அடி நிற்கும் சேனலில் தண்ணீர் வடிய ஓட்டையும் இல்லை. ஓரம் ஊறியே கிடந்திருக்கிறது. அடுத்து "ஃபேக்டரில கேக்கறேன்". அப்புறம் "ஃபிட்டர் பண்ண தப்பு". ஃபிட்டரை அனுப்பியதே அவர்கள்தான்.

பிறகு ஒரு கண்ணாடி விரிசல் விட்டது, நீள நீளமாக, கத்தி போல. டஃபன்டு என்றால் சின்னச் சின்னக் கட்டியாக நொறுங்கியிருக்கும். மேல் விளிம்பில் காலிப்பர் (தடிமன் அளக்கும் கருவி) வைத்தால் 10 மி.மீ. சொச்சம்தான்: 5, 5, நடுவில் 0.38. உலையில் காய்ச்சிய டஃபன்டு லேசாக அலை விழுந்திருக்கும், இரண்டுக்கும் நடுவே அதனால் வரும் இடைவெளியை 0.38 நிரப்பாது. ஆக, அந்தப் படலமும் இது டஃபன்டு இல்லை என்பதற்கு இன்னொரு அடையாளம். பில்லில் "லேமினேட்டட் கிளாஸ்" என்று மட்டும் போட்டிருக்கிறது. "பில்லுல இருக்கறதத்தான சார் குடுத்தோம்" என்கிறார்கள். ஒரு லட்சத்து நாற்பதாயிரம்!

அவசரமாகச் சொல்வது: ஒவ்வொரு கண்ணாடியின் தடிமன், டஃபன்டா இல்லையா, படலத்தின் வகை, தடிமன் எல்லாம் பில்லில் வேண்டும். மாட்டும் முன் காலிப்பர் வையுங்கள். மூலையில் டஃபன்டு முத்திரை பாருங்கள். வேலையிடத்தில் கண்ணாடியை வெட்டினால், துளைத்தால் அது டஃபன்டே இல்லை. மேலே கைப்பிடிக் கம்பி கட்டாயம் போடுங்கள். டஃபன்டு இரண்டும் உடைந்தால் பிவிபி ஈரத்துணி போலத் தொய்ந்துவிடும்.

வந்து பார்ப்பதாகச் சொல்லி இன்று பதினோராவது நாள். யாரும் அதில் சாயாதபடி கயிறு கட்டி வைத்திருக்கிறேன்.