மூன்று வருடப் பட்டமா, நான்கு வருடமா?

டெல்லி பல்கலைக்கழகம் 2013இல் நான்காண்டு இளங்கலையைக் கொண்டுவந்து, மறு வருடமே கைவிட்டது. தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு, 2022இல் மறுபடியும் தொடங்கியது. கேரளம் 2024இல் தொடங்கியது.

நான்காண்டின் பலம் ஆராய்ச்சி. 75 சதவீதத்தோடு முடித்தால் முதுகலை இல்லாமலே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். ஆய்வில் ஆசையுள்ள பிள்ளைக்கு இது பெரிய வாசல். ஆனால் திறந்திருக்கும் ஆய்வகமும், உட்கார்ந்து சொல்லித்தர ஆசிரியரும் வேண்டுமே! கௌரவ விரிவுரையாளர்களை வைத்துச் சமாளிக்கும் கல்லூரியில் நான்காம் வருடம் வெறும் கூடுதல் கட்டணம்தான்.

மூன்றாண்டுப் பட்டத்தில் முதுகலையைத் தாண்டித்தான் ஆய்வுக்குப் போக முடியும். சரி, அது குறைதான். ஆனால் காலை ஏழு மணி டவுன் பஸ்ஸில், டிபன் டப்பாவை மடியில் வைத்து நோட்டைப் புரட்டும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். "மூணு வருஷம்தானே, படிக்கட்டும்" என்று வீட்டில் சம்மதம் வாங்கியிருப்பாள். அதை முடித்தால் குரூப் 2, வங்கித் தேர்வு இரண்டும் எழுதலாம். அவளுக்கு நான் மூன்றையே சொல்வேன்.

புதிய முறையில் ஒரே வருடத்தில் விலகினாலும் சான்றிதழ் உண்டு. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தத் தாளைப் பார்த்து யார் வேலை கொடுப்பார்கள்?