நாலு வருஷமா ஆன்கி ஆப்ல சம்பள ஸ்லிப், லோன் பேப்பர் இங்கிலீஷ் படிச்ச அனுபவம்

ஆன்கினா முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில்னு கார்டு போட்டு, மறக்குறதுக்குள்ள திரும்பத் திரும்ப காட்டுற ஆப். 2021 ஜூன்ல ஆரம்பிச்சது, நாலு வருஷம் தாண்டிருச்சு, நடுவுல ஒரு ரெண்டு மாசம் விட்டுப்போச்சு, மத்தபடி தெனமும் பஸ்ல போறப்ப பத்து நிமிஷம் ஓடும். நான் தமிழ் மீடியம், டிப்ளமோ முடிச்சு இப்ப ஓசூர் பக்கம் ஒரு கம்பெனில குவாலிட்டி செக்‌ஷன்ல இருக்கேன். மெஷின், டிராயிங் சம்பந்தமான இங்கிலீஷ் எனக்கு தண்ணி பட்டபாடு, பணம்னு வந்தாதான் திணறுவேன்.

எல்லாத்துக்கும் காரணம் ஒரு ஆஃபர் லெட்டர். வருஷத்துக்கு 3 லட்சம் சிடிசினு போட்டிருந்தாங்க, நான் அத பன்னெண்டால வகுத்து மாசம் 25,000 வரும்னு வீட்ல சொல்லிட்டேன், அப்பா அத நம்பி ஒரு சீட்டுல வேற சேந்துட்டார், கைக்கு வந்தது 21,000 சொச்சம். சிடிசினா நம்மளால கம்பெனிக்கு ஆகுற மொத்த செலவு, அவங்க போடுற பிஎஃப் பங்கும் கிராஜுவிட்டிக்கு ஒதுக்குறதும் அதுக்குள்ளயே அடக்கம். கிராஸ்னா பிடித்தத்துக்கு முன்னாடி, நெட்னா பிடிச்சது போக. இந்த மூணு வார்த்தைல இருக்குற வித்தியாசம் தெரியாமதான் அந்த லெட்டர்ல கையெழுத்து போட்டேன்.

ஆன்கி ஆண்ட்ராய்டுலயும் கம்ப்யூட்டர்லயும் ஃப்ரீ, ஐபோனுக்கு மட்டும் காசு. மொதல்ல யாரோ போட்டு வச்சிருந்த பிசினஸ் இங்கிலீஷ் டெக் (கார்டு கட்டு) ஒண்ண இறக்கி ரெண்டு மாசம் ஓட்டினேன். 401கே, மார்ட்கேஜ், ரிடன்டன்ட்னு பூரா அமெரிக்கா, லண்டன் வார்த்தை, நம்ம பிஎஃப் பாஸ்புக்ல ஒரு வரி கூட அத வச்சு படிக்க முடியல. அழிச்சுட்டேன். அதுக்கப்புறம் என் பேர் போட்டு வந்த பேப்பர்ல இருக்குற வரி மட்டும்தான் கார்டு ஆகும்னு வச்சுக்கிட்டேன், முன்பக்கம் அந்த வரி அப்படியே, பின்பக்கம் தமிழ் விளக்கம், கூடவே என்னோட ரூபா கணக்கு. இந்த ரூபா கணக்குதான் வார்த்தைய மண்டைல நிக்க வைக்குது, இத யாரு கேட்டாலும் அடிச்சு சொல்வேன்.

உதாரணத்துக்கு எம்ப்ளாயர் ஷேர். என் பேசிக், அதாவது அடிப்படை சம்பளம், அப்ப 12,500, என்கிட்ட 12 சதவீதம் 1,500 பிடிப்பாங்க, கம்பெனியும் 1,500 போடணும், ஆனா பாஸ்புக்ல அவங்க பக்கம் 459 தான் இருந்துச்சு, மிச்சத்த அமுக்கிட்டாங்கன்னே நெனச்சேன். அந்த கார்டு எழுதறதுக்காக தேடினப்பதான் அவங்க பங்குல 8.33 சதவீதம், அதாவது 1,041 ரூபா, பென்ஷன் கணக்குக்கு போயிடுது, 3.67 சதவீதம் மட்டும்தான் பிஎஃப்ல நிக்குதுனு புரிஞ்சுது. பாஸ்புக்ல பக்கத்து கட்டத்துலயே அந்த 1,041 இருந்துச்சு, அதுக்கு மேல போட்டிருந்த வார்த்தை எனக்கு தெரியல, அவ்ளோதான்.

தெரியாத வார்த்தைய விட தெரிஞ்ச மாதிரி இருக்குற வார்த்தைதான் ஆளை கவுக்கும். அரியர்னா நமக்கு காலேஜ்ல ஃபெயிலான பேப்பர், ஆனா சம்பளத்துல அரியர் வந்தா கைக்கு சேர வேண்டிய பாக்கி, அதுவே லோன்ல இருந்தா நாம கட்டாம விட்ட பாக்கி. அவுட்ஸ்டாண்டிங்னு ஸ்கூல்ல எழுதுனா பாராட்டு, பேங்க்ல எழுதுனா இன்னும் கட்ட வேண்டியது. ஃபோர்குளோஷர் இங்க கடனை முன்கூட்டியே முடிக்கிறது, அதே வார்த்தை அமெரிக்கால பேங்க் வீட்டை எடுத்துக்கிறது. 2020 மார்ச்ல மொரட்டோரியம்னு ரிசர்வ் பேங்க் அறிவிச்சப்ப எங்க தெருவுல பல பேரு தவணை தள்ளுபடி ஆயிருச்சுனு சந்தோஷப்பட்டாங்க, அது தள்ளிவைப்புதான், அந்த மாசங்களுக்கும் வட்டி ஏறிக்கிட்டேதான் இருந்துச்சு. அப்பவே இந்த ஒரு வார்த்தைய யாராவது தமிழ்ல பிரிச்சு சொல்லியிருந்தா எத்தனை பேருக்கு உதவியா இருந்திருக்கும்னு இப்பவும் தோணும்.

என் டெக்லயே எனக்கு ரொம்ப உழைச்ச கார்டு ஃப்ளாட் ரேட். 1 லட்சம் கடன், 12 சதவீதம், மூணு வருஷம். ஃப்ளாட்னா கடைசி மாசம் வரைக்கும் முழு லட்சத்துக்கும் வட்டி, மொத்தம் 36,000. ரெட்யூசிங்னா மிச்ச அசலுக்கு மட்டும்தான் வட்டி, 19,600 கிட்ட வரும். ஃப்ளாட் 12ங்கிறது ரெட்யூசிங் கணக்குல பாத்தா 21 சதவீதத்துக்கு மேல! வண்டி லோனுக்கு போனப்ப "வட்டி கம்மிதான் தம்பி"னு சொன்னாங்க, ஃப்ளாட்டா ரெட்யூசிங்கானு கேட்டேன், பதில் வரல, எந்திரிச்சு வந்துட்டேன். இப்ப 2024 அக்டோபர்ல இருந்து கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்னு ஒரு தாள் குடுக்கணும்னு விதி இருக்கு, ஏபிஆர்னு மொத்த செலவையும் சேத்து ஒரே சதவீதமா அதுல போட்டிருக்கும், அதுவும் நமக்கு புரியிற பாஷைல இருக்கணும். தமிழ்ல குடுங்கனு தாராளமா கேக்கலாம்.

ஆப் பத்தி குறை சொல்லணும்னா, ஒரு நாளைக்கு இருபது புது கார்டுனு அதுவா செட் ஆகியிருக்கும், அத அப்படியே விட்டுட்டேன், ஒரு கட்டத்துல முந்நூறு கார்டு பாக்கி சேந்து தொறக்கவே பயமாயிருச்சு, அந்த ரெண்டு மாச இடைவெளி அதனாலதான். இப்ப ஒரு நாளைக்கு மூணு புது கார்டுதான் வச்சிருக்கேன். 2023ல எந்த கார்டை எப்ப திரும்ப காட்டணும்னு முடிவு பண்ற எஃப்எஸ்ஆர்எஸ்னு புது கணக்கு முறை ஆப்ல வந்துச்சு, அதுக்கு மாறினதும் தெனசரி பாக்குற கார்டு நல்லா கொறஞ்சுது, மாறாதவங்க மாறிடுங்க.

பெரிய குறை, பேச்சு வராது. கார்டுல பாத்தா எல்லாம் தெரியும், ஹெச்ஆர் முன்னாடி உக்காந்தா நாக்கு ஒட்டிக்கும். அதனால ஒரு வருஷமா வீட்ல ஒவ்வொரு கார்டையும் கேள்வியா மாத்தி வாய்விட்டு சொல்றேன், தங்கச்சி எதிர்ல உக்காந்து பதில் சொல்லுவா. போன அப்ரைசல்ல பத்து பர்சென்ட் ஹைக்னு சொன்னாங்க, அது சிடிசிலயா கிராஸ்லயானு இங்கிலீஷ்லயே கேட்டேன். மேனேஜர் தாளை என் பக்கம் திருப்பி வச்சு ஒவ்வொரு வரியா விளக்கினார், அதுல வேரியபிள் பேனு (வேலைய பொறுத்து கூடக் கொறைய வர்ற சம்பளம்) ஒரு வரி இருந்துச்சு, அன்னிக்கு ராத்திரியே கார்டு போட்டுட்டேன்.