"60 நாள் குட்டி அக்கா, ஊசி போட்டாச்சு" என்று சொல்லித்தான் விற்றார்கள்

பூனைக்குட்டி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. சென்னையில் மீன்தொட்டி, கிளிக்கூண்டோடு பூனைக்குட்டியும் விற்கும் ஒரு கடை, அவ்வளவுதான்.

போன மாதம் 9,000 ரூபாய்க்கு ஒரு பெர்ஷியன் குட்டி வாங்கினோம். 60 நாள் ஆகிவிட்டது, முதல் தடுப்பூசி போட்டாச்சு என்று கார்டும் கொடுத்தார்கள். கூடவே பாலித்தீன் பையில் லூஸாக அரை கிலோ தீனி. 'இம்போர்ட்டட்' என்றார்கள், பையில் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. என் மகள் குட்டிக்குப் பொரி என்று பெயர் வைத்தாள்.

இரண்டாம் நாளே வயிற்றால் போக ஆரம்பித்தது. மஞ்சளாக, தண்ணியாக, வாலெல்லாம் ஒட்டிக்கொண்டு. கடைக்கு போன் போட்டேன். "டாக்டர்கிட்டயே பேசுங்கக்கா" என்று யாரிடமோ கொடுத்தார்கள். அவர், "இடம் மாறினா அப்படித்தான் போகும். ரெண்டு நாள் பட்டினி போடுங்க, அப்புறம் பசும்பால்ல தண்ணி கலந்து குடுங்க. உடம்பு சுட்டா பாராசிட்டமால் சொட்டு விடுங்க" என்றார். கடையிலிருந்து ஒரு பையன் காகிதத்தில் மடித்து நாலு பாதி மாத்திரை கொண்டுவந்தான். 300 ரூபாய். என்ன மாத்திரை தம்பி என்றால், "பேதி நிக்கிற மாத்திரைக்கா."

பட்டினி போட மனசு வரவில்லை. ஆனால் மாத்திரையை ஒரு வேளை கொடுத்தேன், அதை மறைக்க மாட்டேன். வாயில் நுரை தள்ளியது. பாலும் வைத்தேன், ராத்திரி இன்னும் மோசம். காலையில் குட்டி எழுந்திருக்கவே இல்லை. காது ஜில்லென்று இருந்தது. பிடரித் தோலை இழுத்து விட்டால் இறங்காமல் அப்படியே நின்றது. ஆட்டோ பிடித்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

எடை 480 கிராம். டாக்டரம்மா வாயைத் திறந்து பார்த்தார். கடைவாய்ப் பற்களே முழுசாக வரவில்லை. "அறுபது நாளா? அஞ்சு வாரம் இருந்தா அதிகம். தாய்கிட்ட இருக்க வேண்டிய குட்டிம்மா இது."

கார்டைக் காட்டினேன். "ஸ்டிக்கர் எங்கே?" என்றார். ஊசி போட்டால் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரை உரித்து கார்டில் ஒட்டுவார்களாம். அதில் பேட்ச் எண் இருக்கும், பக்கத்தில் டாக்டரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்கும். எங்கள் கார்டில் ஒரு தேதி, ஒரு கிறுக்கல். முதல் ஊசியே 6 முதல் 8 வாரத்தில்தான் போடுவார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

பாராசிட்டமால் என்றதும் அவர் முகமே மாறிவிட்டது. "விட்டீங்களா?" இல்லை என்றதும்தான் மூச்சு விட்டார். பூனையின் ஈரலுக்கு அந்த மருந்தை முறிக்கும் சக்தி கிடையாது. ரத்தம் கெட்டு, ஈறு பழுப்பாகி, கொஞ்சம் போனாலே உயிருக்கு ஆபத்து. இத்தனூண்டு குட்டியைப் பட்டினி போட்டால் சர்க்கரை இறங்கி மயங்கிவிடும்.

பார்வோ என்ற கொடிய வயிற்றுப்போக்கு வைரஸுக்கான டெஸ்ட் நெகட்டிவ். மலத்தில் உருண்டைப்புழு முட்டை இருந்தது. தோலுக்கடியில் சலைன் ஏற்றி, பூச்சி மருந்து கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும். வீட்டில் குட்டிகளுக்கென்று விற்கும் பால்பவுடரைக் கரைத்து, உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் படாமல் வேகவைத்த கோழியை மசித்துச் சேர்த்து, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒன்றிரண்டு ஸ்பூன். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தோம். குளிப்பாட்டவே கூடாது என்று சொல்லியிருந்ததால் பின்பக்கத்தை வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் துடைத்ததோடு சரி. சமையலறைத் தராசு பொரிக்கே சொந்தமாகிவிட்டது. மூன்று நாள் அதே 480. நாலாம் நாள் 490. அன்று வீட்டில் கேசரி.

கடைக்குப் போய்க் கேட்டேன். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2018 செல்லப்பிராணிக் கடை விதிகளே சொல்கின்றன என்றேன். கடைக்காரர் சிரித்தபடி, "விடுங்கக்கா, வேற குட்டி மாத்தித் தர்றேன்" என்றார், ஏதோ நைட்டி அளவு சரியில்லை என்று நான் போனது போல. 'டாக்டர்' யார் என்று கேட்டேன். உள்ளே மீன்தொட்டி கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

கார்டை நகல் எடுத்து மாநில விலங்குகள் நல வாரியத்துக்கு அனுப்பியிருக்கிறேன். நான் வெளியே வரும்போது பொரி இருந்த அதே கூண்டில் மூன்று குட்டிகள் இருந்தன. மேலே அட்டையில் '60 நாள்' என்று எழுதியிருந்தது.