பதினேழு வளைவில் இரண்டு போலோ ஜிடி

போடியில் வீடு, பூப்பாறைக்கு மேலே ஏலத்தோட்டம். வாரத்துக்கு மூன்று தடவையாவது மலை ஏறி இறங்கியாக வேண்டும். 2014-இல் எடுத்த 1.2 லிட்டர் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்) காரை ஏழு வருஷம் ஓட்டினேன். 2021-இல் அதைக் கொடுத்துவிட்டு 1.0 லிட்டர் டிஎஸ்ஐ ஆட்டோமேட்டிக் வாங்கினேன். பாடி கிட்டத்தட்ட அதேதான். தலைமுறை மாறியது இன்ஜினிலும் கியர்பாக்ஸிலும். ஆனால் முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டி ஏற ஆரம்பித்ததும் இரண்டும் வேறு வேறு வண்டிகள்.

பழையது நான்கு சிலிண்டர், 105 பிஎஸ் (குதிரைத்திறன்), இரட்டைக் கிளட்ச் வைத்துத் தானாகக் கியர் மாற்றும் 7 கியர் டிஎஸ்ஜி. புதியது மூன்று சிலிண்டர், 110 பிஎஸ், கிளட்ச் இல்லாமல் எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வைத்த 6 கியர். டார்க், அதாவது இன்ஜினின் முறுக்குவிசை, இரண்டிலும் 175 நியூட்டன் மீட்டர். அதை வைத்து இழுவை ஒன்றுதான் என்று நினைத்துவிட்டேன். கவனித்திருக்க வேண்டியது, அந்த 175 எந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்றில்) வருகிறது என்பதை. பழையதில் 1500-லேயே வந்துவிடும். புதியதில் 1750 ஆக வேண்டும்.

தேனி ரோட்டில் இந்த 250 ஆர்பிஎம் வித்தியாசம் தெரியவே தெரியாது. போடிமெட்டு ஏற்றத்தில் கொண்டை ஊசி வளைவு மட்டும் பதினேழு. ஒவ்வொன்றிலும் வேகம் செத்துப்போய், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, மூக்கை மேலே தூக்கி ஏற வேண்டும். பழைய காரில் பாதி திரும்பும்போதே மிதித்தால் போதும், இரண்டாவது கியரிலேயே கப்பென்று பிடித்துக்கொள்ளும். புதியதில் மிதித்த பிறகு ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றும் நடக்காது. அப்புறம் கியர் ஒன்று இறங்கி, மூன்று சிலிண்டருக்கே உரிய அந்த உறுமலோடு மொத்தமாகத் தள்ளும். வளைவுக்கு முன்னாலேயே லீவரை மேனுவலுக்குத் தட்டி இரண்டாவதில் வைத்துவிட்டால் அந்தத் தாமதம் பெருமளவு குறையும். இது கைக்கு வர எனக்கு இரண்டு மாசம் ஆனது.

காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ இருப்பதால் மேலே போகப் போக மூச்சு வாங்குவது இரண்டிலும் கிடையாது. மச்சானின் டர்போ இல்லாத கார் போடிமெட்டை நெருங்கும்போது சோர்ந்துபோவது நன்றாகவே தெரியும். காற்று மெலிகிறதல்லவா.

இதுவரை பழையதுதான் ஜெயிக்கிறது. ஆனால் காலை ஏழு மணிக்கு வந்து பாருங்கள். ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக ஏறும். மேலே ஒரு லாரி திரும்ப முடியாமல் நின்றால் எல்லாம் ஊர்ந்துதான் போகும். டிஎஸ்ஜியில் இருப்பது எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச். அடி அடியாக நகர்த்தினால் அது தேய்ந்துகொண்டே சூடாகும். அதனால் முன்னால் போகும் ஜீப்பை இருபது அடி விட்டு, நின்று, பிறகு ஒரே மூச்சில் நகர்த்துவேன். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். கன்வெர்ட்டர் வந்த பிறகு அந்தக் கவலையே போய்விட்டது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தானாக நகரும், வைத்தால் நிற்கும். அடிக்கடி மலை ஏறுகிறவனுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது ஓட்டினால்தான் தெரியும்.

அம்மா பழைய காரில் ஏறினால் எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்கவே மாட்டார். புதியதில் முதல்முறை போனபோது பூப்பாறையில் இறங்கி, பழத்தை முந்தானையிலிருந்து அப்படியே எடுத்துக் காட்டினார். "இந்த வண்டில தல சுத்தலப்பா" என்றார். கியர் மாறுவது அவ்வளவு இழைவாக இருக்கிறது.

இறக்கத்தில் மறுபடி பழையதுதான். இரண்டாவது கியரில் போட்டால் இன்ஜினே பிடித்து நிறுத்தும். சின்ன இன்ஜின் அவ்வளவு பிடிப்பதில்லை, பிரேக்குக்கு வேலை அதிகம். இப்போதெல்லாம் பிரேக் பேடை முன்பைவிடச் சீக்கிரமே பார்க்கச் சொல்கிறேன்.

டயர் பழையதில் 185/60 ஆர்15, புதியதில் 195/55 ஆர்16. ஈர ரோட்டில் புதியதன் பிடிமானம் அருமை. ஆனால் பக்கச்சுவர் சுமார் 4 மில்லிமீட்டர் குறைவு. தோட்டத்துப் பாதையில் மண்ணில் புதைந்திருந்த கல் ஒன்று போன ஆடியில் இடது முன் டயரைப் பக்கவாட்டில் கிழித்துவிட்டது. இப்போது மேட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்துதான் போகிறேன்.

மைலேஜில் சொல்லும்படி வித்தியாசமில்லை. டாங்க் நிரப்பிப் போட்ட கணக்கில் இரண்டுமே லிட்டருக்கு மலையில் 11 கிலோமீட்டர், மதுரை ரோட்டில் 16.

2022-இல் போலோ இங்கே விற்பனையிலிருந்து போய்விட்டதால் செகண்ட்ஸில் எதை வாங்கலாம் என்று பலர் கேட்கிறார்கள். மலைக்கு எப்போதாவது போகிறவர், ஓட்டும் சுகத்துக்காக வாங்குகிறவர் என்றால் 1.2-ஐத் தேடுங்கள். பார்க்கப் போகும்போது காலி ரோட்டில் ஓட்டிப் பார்த்துப் பணம் கொடுத்துவிடாதீர்கள். நெரிசலான ஏற்றம் ஒன்றில் அரை மணி நேரம் ஊர்ந்து பாருங்கள். முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் இடையே உதறுகிறதா, கருகல் வாடை வருகிறதா என்று கவனியுங்கள். என்னைப் போல வாரம் மூன்று தடவை ஜீப்புக்குப் பின்னால் ஏறுகிறவர் என்றால் யோசிக்காமல் 1.0 ஆட்டோமேட்டிக்கை எடுங்கள்.