கார் பிபிஎஃப்: கதவை நாமே பார்த்துக்கொள்ளலாம், பம்பரைக் கடையில் விடுங்கள்

பெயின்ட்டில் கீறல் விழாமல் இருக்க அதன் மேல் ஒட்டும் நிறமற்ற ஃபிலிம்தான் பிபிஎஃப் (பெயின்ட் ப்ரொடெக்‌ஷன் ஃபிலிம்). நாமே ஒட்டுவது, கடையில் கொடுத்து ஒட்டுவது என்று ஒரே காரில் இரண்டு வழியையும் பார்த்துவிட்டேன். கதவு விளிம்பு, கைப்பிடிக்குப் பின்னால் நகம் கீறும் குழி, செருப்பு உரசும் படி, டிக்கியில் சாமான் ஏற்றும் விளிம்பு எல்லாம் நானே ஒட்டினேன். முன் பம்பரும் பானட்டும் கடையில் செய்தது.

நாமே ஒட்டுவதென்றால் அந்த மாடலுக்கென்றே வெட்டி வரும் கிட்தான் வாங்க வேண்டும். கார் நிழலில், காற்றடிக்காத மூடின இடத்தில் நிற்கட்டும். கழுவி, ஒட்டிய அழுக்கை எடுக்கும் க்ளே பார் என்ற களிமண் போன்ற கட்டியால் தேய்த்து, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் கலந்த தண்ணீரால் துடையுங்கள், ஏனென்றால் உள்ளே மாட்டிய ஒரு தூசி கடைசிவரை கண்ணை உறுத்தும். பேபி ஷாம்பு சில சொட்டு விட்ட தண்ணீரை பெயின்ட் மேலும், பசைப் பக்கமும், விரல் நுனியிலும் தாராளமாக அடித்தால் ஃபிலிம் வழுக்கிக்கொண்டே இருக்கும், நிதானமாக நகர்த்தி இடம் பார்க்கலாம். அப்புறம் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஸ்க்வீஜியால் (தண்ணீரை வழித்துத் தள்ளும் தட்டையான பட்டை) தண்ணீரைத் தள்ள வேண்டியதுதான். கைப்பிடிக் குழி மட்டும் கொஞ்சம் படுத்தியது. நடுவை அழுத்தினால் ஓரம் எழும்பும், ஓரத்தை அழுத்தினால் நடு எழும்பும், ஆல்கஹால் தண்ணீர் தெளித்து ஹீட் கன்னால் லேசாகச் சூடு காட்டிய பிறகே பிடித்தது. ஒட்டியதும் தெரியும் நீர்க்கொப்புளங்கள் நாள்போக்கில் தானே காய்ந்துவிடும். காற்றுக் குமிழ் அப்படிப் போகாது, ஈரத்தோடு இருக்கும்போதே தள்ளிவிடுங்கள்.

பம்பர் வேறு கதை. இந்தப் பாலியூரித்தேன் ஃபிலிம் 150 முதல் 200 மைக்ரான் தடிமன் இருக்கும், பம்பரோ எல்லாப் பக்கமும் வளைகிறது. அதிகமாக இழுத்தால் பசையில் கோடு விழும், அது போகவே போகாது. குறைவாக இழுத்தால் ஓரத்தில் சுருக்கம் நிற்கும். கடையில் இரண்டு பேர் சேர்ந்து செய்தார்கள், ஒருவர் இழுத்துப் பிடிக்க இன்னொருவர் தண்ணீரைத் தள்ள, ஹெட்லைட் இடுக்கில் விளிம்பை உள்ளே மடித்துவிட்ட நேர்த்தி எனக்கு எத்தனை பழகினாலும் வராது. கொடுத்த காசு அந்த மடிப்புக்கே சரியாகப் போயிற்று.

ஆனால் கடை என்றாலே நிம்மதி என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் விசாரித்த இடத்தில் ஃபிலிமைக் காரின் மேலேயே வைத்து பிளேடால் வெட்டுவோம் என்றார்கள், அப்படியே திரும்பிவிட்டேன். பெயின்ட்டின் மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு பெரும்பாலான கார்களில் 50 மைக்ரானைச் சுற்றித்தான் இருக்கும், கை கொஞ்சம் அழுந்தினாலும் பிளேடு அதில் கோடு போட்டுவிடும், ஃபிலிமை உரிக்கும் நாளில்தான் அது தெரியவரும். கணினியில் வடிவம் எடுத்து பிளாட்டர் என்ற வெட்டும் இயந்திரத்தில் வெட்டுகிறார்களா என்று முதலிலேயே கேளுங்கள். ஃபிலிமுக்கு நிறுவனம் தரும் வாரண்டி வேறு, ஓரம் எழும்பினால் இலவசமாகச் சரிசெய்யும் கடையின் வாரண்டி வேறு. இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். எனக்குப் பானட்டில் ஒரு மூலை எழும்பி, கடையின் வாரண்டியில்தான் பேச்சில்லாமல் சரிசெய்து கொடுத்தார்கள்.

மறு பெயின்ட் அடித்த பாகம் இருந்தால் அதை மறக்காமல் சொல்லிவிடுங்கள், பிடிமானம் சரியில்லாத பெயின்ட் ஃபிலிமோடு சேர்ந்து உரிந்து வரும். யார் ஒட்டினாலும் சரி, முதல் ஒரு வாரம் விளிம்புகளில் பிரஷர் வாஷ் அடிக்க விடாதீர்கள்.