விறகடுப்பு பிளம் கேக்: ஒரு திருத்திய மதிப்புரை

கருங்கல்லிலிருந்து மார்த்தாண்டம் செல்லும் சாலையில், விறகடுப்பில் ரொட்டியும் கேக்கும் சுட்டு விற்கும் சிறிய பேக்கரி ஒன்றைப் பற்றிச் சென்ற ஆண்டு கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து இணையத்தில் எழுதியிருந்தேன். அதை இப்போது நீக்கிவிட்டேன். அதற்குப் பதிலாக எழுதும் இந்த மதிப்புரையில் கடையின் பெயரைச் சொல்லவில்லை. டிசம்பரில் வருகிற ஆட்களுக்கே கை போதவில்லை, பெயர் போட்டு எழுத வேண்டாம் என்று உரிமையாளரே கேட்டுக்கொண்டார். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு அடையாளம் தெரியும். மற்றவர்கள் கருங்கல் சந்தையில் இறங்கி விறகடுப்பு ரொட்டிக்கடை எது என்று கேட்டால் வழி சொல்வார்கள்.

முதலில் என் பழைய புகாரைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு மகள் வீட்டுச் சம்பந்திகளுக்குக் கொடுப்பதற்காக அங்கே ஒரு கிலோ பிளம் கேக் வாங்கினேன். வெட்டியபோது அடிப்பாகம் அரை விரல் கனத்துக்குக் கருகியிருந்தது. தொலைபேசியில் கேட்டதற்கு, விறகடுப்பில் அப்படித்தான் வரும் என்று ஒரே வரியில் பதில் வந்தது. சம்பந்திகள் முன்னிலையில் தலைகுனிய நேர்ந்த கோபத்தில், ‘காசு கொடுத்துக் கரி வாங்க விரும்புவோர் இக்கடைக்குச் செல்லலாம்’ என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதினேன். முப்பது ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவன்; எங்கே குத்தினால் எவ்வளவு வலிக்கும் என்று தெரிந்தே எழுதினேன். பழைய மாணவர்கள் பலர் படித்துச் சிரித்ததாகச் சொன்னார்கள். அந்தச் சொல்நயத்தில் எனக்கே ஒரு மகிழ்ச்சி இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இந்த ஆண்டு எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனைக்குக் கேக் ஏற்பாடு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஆராதனைக்குச் சுமார் 200 பேர் வருவார்கள். முடிந்ததும் ஆளுக்கொரு துண்டு கேக்கும் கட்டன்சாயாவும் கொடுப்பது வழக்கம். பளபளப்பான கண்ணாடிப் பெட்டிகள் வைத்த பெரிய கடை ஒன்றில், டிசம்பர் முதல் வாரத்திலேயே பதினெட்டு கிலோவுக்கு முன்பணம் கட்டி ரசீதும் வாங்கினேன். 24ஆம் தேதி மதியம் இரண்டு மணிக்கு அங்கிருந்து ஓர் இளைஞர் அழைத்து, கணினியில் என் ஆர்டர் பதிவாகவில்லை என்றும், முன்பணம் மூன்று வேலை நாள்களில் கணக்கில் திரும்ப வரும் என்றும் மிகுந்த மரியாதையோடு சொல்லி வைத்துவிட்டார். அந்தக் கடையைப் பற்றி இதற்குமேல் எழுதப்போவதில்லை; ஒரு கடையைக் கிழித்தெழுதிய பலனை ஏற்கெனவே அனுபவித்துக்கொண்டிருப்பவன் நான்.

அன்று மாலை நான்கு மணிக்குள் மார்த்தாண்டத்திலும் குழித்துறையிலும் ஏறி இறங்காத பேக்கரி இல்லை. இருந்தவை ஐஸ் பூசிய பிறந்தநாள் கேக்குகளும், யாரும் எடுக்காத கால் கிலோ பொட்டலங்கள் சிலவும்தான். நான் ஏறியிருந்த ஆட்டோவை ஓட்டியவர் எங்கள் கேரல் குழுவில் டிரம் அடிக்கிற பையன். “சாரே, அந்த விறகடுப்புக் கடையில பாத்தியளா?” என்று அவன்தான் கேட்டான். அங்கே போக வேண்டாம் என்பதற்கு ஒரு காரணமும் சொல்ல என்னால் முடியவில்லை.

கடை பாதி இறக்கிய ஷட்டரோடு இருந்தது. வேலையாட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். உரிமையாளர் அய்யா வைகுண்டரை வழிபடும் அய்யாவழியைச் சேர்ந்தவர். சுடர்போல நீண்ட வெள்ளை நாமம் நெற்றியில் வியர்வையில் பாதி கலைந்திருந்தது. வாசலில் தொங்கிய காகித நட்சத்திரத்தை, வாடிக்கையாளர்களுக்காக ஆண்டுதோறும் அவரே கட்டுவாராம். விஷயத்தைச் சொன்னேன். அவர் பதில் பேசாமல் உள்ளே போய், இரண்டு பிளாஸ்டிக் வாளிகளின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். அவற்றில் புத்தாண்டு ஆர்டர்களுக்காகத் திராட்சைச் சாற்றில் ஊறப்போட்ட பழங்கள் இருந்தன. பிறகு மேசையிலிருந்த நீளமான கணக்கு நோட்டைத் திறந்து, தேதி போட்டு, 18 கிலோ என்று எழுதி, அதன் எதிரே என் பெயரை முதலெழுத்தோடு பிழையில்லாமல் எழுதினார்.

நான் என் பெயரைச் சொல்லியிருக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. என் பெயரும் படமும் போட்டு நான் எழுதியதை அவர் படித்திருக்கிறார் என்பதும், நான் ஷட்டருக்குள் குனிந்து நுழைந்தபோதே யாரென்று அறிந்துகொண்டார் என்பதும் அந்த ஒரு வரியில் தெரிந்துவிட்டது. என்ன சொல்வதென்று தெரியாமல் நான் நின்றுகொண்டிருந்தபோது, நோட்டை மூடிவைத்துவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: “அடிப்பாகம் கருகாம பாத்துத் தாறேன், சாரே.” குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், இல்லை.

இனிக் கேக்கைப் பற்றி. அந்த அடுப்பு செங்கல்லால் கட்டிய ஒரு சிறு குகை. முன்பக்கம் ஓர் ஆள் தலை நுழையும் அளவுக்கு வாய். புகைபோக்கி வாய்க்கு நேர் மேலே. எரிவது ரப்பர் விறகு, நம் மாவட்டத்தில் வெட்டிப் போட்ட ரப்பர் மரத்துக்குக் குறைவில்லை. நெருப்பை அடுப்புக்குள்ளேயே எரியவிட்டு, செங்கல் சூட்டை முழுக்க உறிஞ்சிக்கொண்ட பிறகு தணலை வாரி வெளியே எடுத்துவிட்டு, நனைத்த சாக்கால் தளத்தைத் துடைக்கிறார்கள். அதற்குப் பிறகு நடக்கிற வேலை அத்தனையும் செங்கல் சேமித்து வைத்திருக்கும் சூட்டில்தான். முதல் சூட்டில் ரொட்டி, அது சற்றுத் தணிந்ததும் பன், இன்னும் தணிந்ததும் கேக், கடைசியில் விடிய விடிய ரஸ்க். கேக்கை முந்தி வைத்தால் தளத்தின் சூடு அடியைத் தின்றுவிடும்; பிந்தி வைத்தால் நடு வேகாது. சென்ற ஆண்டு எனக்குக் கிடைத்தது முந்தி வைத்த ஒன்று. வெப்பமானி எதுவும் கிடையாது. ஒரு பிடி மாவைத் தளத்தில் தூவி, அது எவ்வளவு நேரத்தில் நிறம் மாறுகிறது என்று பார்க்கிறார். அன்று இரண்டு தடவை தூவி, இரண்டு தடவையும் தலையை ஆட்டிவிட்டு, மூன்றாம் தடவைதான் தட்டுகளை எடுத்தார். ஒவ்வொரு தட்டுக்கும் அடியில் இன்னொரு வெறுந்தட்டை வைத்தார். நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டும் அதை விளக்கவில்லை.

ஆள் பற்றாததால் முட்டை உடைக்கும் வேலை எனக்கும் ஆட்டோப் பையனுக்கும் வந்தது. எழுபதுக்கு மேல் உடைத்தோம், இரண்டு அழுகல். உரிமையாளரின் மனைவி இரும்புச் சட்டியில் சீனியைக் காய்ச்சினார். அது தேன் நிறமாகி, செம்மரத்தின் நிறமாகி, இனி ஒரு நொடி விட்டால் கசந்துவிடும் என்ற கட்டத்தில் கொதிநீரை ஊற்ற, சட்டி சீறியெழுந்து அந்த அறையே கரிந்த இனிப்பு வாசனையில் மூழ்கியது. பிளம் கேக்குக்கு அந்தக் கருமை வருவது இந்தச் சீனிப்பாகிலிருந்துதான். சாயப்பொடி அங்கே இல்லை. கிராம்பு மாறாமலையிலிருந்து வருகிறது. கன்னியாகுமரி கிராம்பு என்று புவிசார் குறியீடு பெற்ற பொருள். அவர் தூக்கலாகவே போடுகிறார், என் நாக்குக்கு அது சற்று அதிகம். முந்திரியும் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் விளைந்ததே. தட்டுகளை உள்ளே தள்ளி அடுப்பின் வாயைத் தகரத்தால் அடைக்கும்போது, “அய்யா உண்டு” என்றார். எங்கள் ஆராதனைக்கான கேக் அப்படித்தான் அடுப்புக்குள் போனது.

வெந்துகொண்டிருந்த நேரத்தில் அவருடைய மகன், இந்த அடுப்பு தொடர்ந்து பல நாள் ஆறாமல் எரிந்தது ஒரே ஒரு முறைதான் என்றார். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடல் ஊருக்குள் வந்தது. குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் போனவர்களின் எண்ணிக்கையை இந்த மாவட்டத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அன்று முதல் முகாம்களுக்கு ரொட்டி சுட்டார்களாம். அப்போது பள்ளிச் சிறுவனாக இருந்த அவர், ரொட்டிகளைச் செய்தித்தாளில் சுற்றிக் கட்டியது மட்டும் நினைவிருக்கிறது என்றார். கிறிஸ்துமஸ் நாளில் தேவ இரக்கத்தைப் பற்றிப் பேசுகிற எவரும் நம் கடற்கரையில் அந்த மறுநாளைத் தாண்டித்தான் பேசியாக வேண்டும். அன்றிரவு அந்த அடுப்பின் முன் நின்றபோது அதற்கான விடை எனக்குக் கிடைத்தது என்று சொல்லமாட்டேன். ரொட்டி போயிருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

இரவு பத்தரை மணிக்குக் கேக்குகள் வெளியே வந்தன. அட்டைப் பெட்டிகள் தீர்ந்துபோயிருந்ததால், பட்டர் பேப்பரில் சுற்றி இரண்டு அலுமினிய அண்டாக்களில் அடுக்கித் தந்தார். கிலோவுக்கு 450 ரூபாய். பலகையில் எழுதியிருந்த அதே விலை. அகால வேலைக்கென்று கூடுதலாகக் கொடுக்கப்போனதை வாங்கவில்லை; ஒரு ரூபாய் குறைக்கவுமில்லை. அந்தக் கணக்கில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. இலவசமாகத் தந்திருந்தால் என்னால் வாங்கியிருக்க முடியாது.

விடியற்காலை நாலரை மணி ஆராதனையில் போதகர், பெத்லகேமின் செய்தி ஆலயத்திலிருந்த ஆசாரியர்களுக்குப் போகாமல் இராத்திரியில் மந்தையைக் காத்துக்கொண்டு வயல்வெளியில் கிடந்த மேய்ப்பர்களுக்கு முதலில் போனதைப் பற்றிப் பேசினார். எல்லா ஆண்டும் கேட்கிற பிரசங்கம்தான். இந்த ஆண்டு எனக்கு அது இரவு வேலைக்காரர்களைப் பற்றிய பேச்சாகக் கேட்டது. மத்தேயு எழுதிய இயேசுவின் வம்ச வரலாற்றில் தாமாரும், எரிகோவின் ராகாபும், மோவாபிய ரூத்தும், உரியாவின் மனைவியும் வருகிறார்கள். ஒரு வம்சத்தைப் பெருமையாக எழுத நினைப்பவர் எவரும் விட்டுவிடுகிற பெயர்கள் அவை. காணிக்கையோடு வந்த சாஸ்திரிகளும் கிழக்கேயிருந்து வந்த வெளியாட்களே. நம் ஊர்க் கதையும் அப்படித்தான்: மயிலாடி மகாராசன் யாத்திரை புறப்பட்டது சிதம்பரத்துக்கு, தஞ்சாவூரில் சுவிசேஷத்தைக் கேட்டு வேதமாணிக்கம் என்ற கிறிஸ்தவராகத் திரும்பி வந்தார், அவர் பின்னால் மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தார். இவற்றையெல்லாம் ஞாயிறு பள்ளியில் நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நான் இகழ்ந்தெழுதிய ஒருவரின் கையிலிருந்து, அவர் அதை அறிந்தே தர, வாங்கித் தின்ன வேண்டிவரும் என்று அந்தப் பாடங்களில் எதுவும் எனக்குப் புரிந்திருக்கவில்லை.

மதிப்புரை என்பதால் குறைகளையும் எழுதியாக வேண்டும். பிளம் கேக் சுட்ட பிறகு இரண்டு நாளாவது இருக்க வேண்டிய பண்டம். அண்டாவில் மூடிவைத்ததால் எங்கள் கேக்குகளின் நடுவில் அதிகாலையிலும் இளஞ்சூடு இருந்தது. கத்தி பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தன. பிள்ளைகள் கையேந்தி உதிரியாக வாங்கித் தின்றார்கள். அதைக் கடைக்காரரின் குறையாகச் சொல்ல முடியாது. ஆனால் பதினெட்டில் இரண்டு, இரட்டைத் தட்டையும் மீறி அடியில் கருத்திருந்தன. அடுப்பின் பின்மூலையில் வைத்தவையாக இருக்க வேண்டும். அவற்றை நான் என் பங்காக எடுத்து, கத்தியால் சுரண்டிவிட்டுச் சாப்பிட்டேன். மற்றவை நன்றாக இருந்தன. பழம் அடியில் இறங்கிப் படியாமல் மேலிருந்து கீழ்வரை சீராக நின்றது. இனிப்பு தொண்டையை அடைக்கவில்லை. நான்காம் நாள் எடுத்துப் பார்த்த துண்டு, கிராம்பின் காரம் தணிந்து, முதல் நாளைவிட மேலாக இருந்தது. மதுவில் ஊறிய கேக்கின் வாசனையை எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்றமளிக்கும். அவர் திராட்சைச் சாறு மட்டுமே பயன்படுத்துகிறார்.

வாங்க நினைப்பவர்கள் டிசம்பர் பத்தாம் தேதிக்குள் நேரில் போய்ச் சொல்வது நல்லது; தொலைபேசியை அவர் அதிகம் எடுப்பதில்லை, எடுத்தாலும் ஒரு வரிக்கு மேல் பேசுவதில்லை. அதைக் கர்வம் என்று நான் சென்ற ஆண்டு எழுதியது தவறு. மாவுக் கையோடு பேசுகிறவர் வேறெப்படிப் பேசுவார்? கார் நிறுத்த இடம் கிடையாது. பாத்திரம் கொண்டுபோவது உத்தமம். ரஸ்க் எந்த நாளும் கிடைக்கும், கேக்கைவிட அதுவே எனக்குப் பிடித்திருக்கிறது.

டிசம்பர் 30 அன்று, வாங்கிய அண்டாக்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கென்று புத்தாண்டுக் கேக் ஒரு கிலோ வாங்கலாம் என்று போனேன். பழைய மதிப்புரையை நீக்கிவிட்டதைச் சொன்னேன். “அதுக்கென்ன சாரே, அதுல உள்ளது உள்ளதுதானே” என்று சொல்லிவிட்டு அண்டாக்களைக் கவிழ்த்து வைக்கப் போனார். கண்ணாடி அலமாரியின் மேல், சாக்பீஸால் எழுதிய சிறு பலகை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது: ‘புத்தாண்டு கேக் இல்லை. பழம் தீர்ந்துவிட்டது.’ கால் கிலோ ரஸ்க் வாங்கிக்கொண்டு வந்தேன்.